என் தம்பியின் ஸ்பானிஷ் குடும்பம்

என் தம்பி ஆரின் ஹாக்ஸ்டாட் இப்போது பன்றிப் பண்ணைகளுக்குத் தீவனம் ஏற்றிப் போகும் லாரி ஓட்டுகிறான். ஊரில் யாரைக் கேட்டாலும், "நல்ல பையன், அதிகம் பேச மாட்டான்" என்பார்கள். பேச மாட்டானாம்! பேசிப் பேசியே ஒரு குடும்பத்தைக் காலி செய்தவன் அவன். அப்பாவின் ஒரு காலை எடுத்தான். அம்மாவின் ஞாபகத்தைத் துடைத்துவிட்டான். கூடப் பிறந்த அக்காவான என்னைக் கொன்றே போட்டான். எல்லாவற்றையும் ஸ்பானிஷில் செய்ததால் எங்கள் யாருக்கும் விஷயம் தெரியாது.

அவன் அதை வேண்டுமென்று படிக்கவில்லை. அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் எங்கள் நாலு ஊருக்கும் சேர்த்து ஒரே உயர்நிலைப் பள்ளி. மூன்று பக்கம் மக்காச்சோளம், ஒரு பக்கம் சோயா. ஒன்பதாம் வகுப்பில் விருப்பப் பாடம் என்று ஒன்றை எடுத்தாக வேண்டும். ஆரின் எழுதிக் கொடுத்தது வெல்டிங். வெல்டிங் வகுப்பு நிரம்பிவிட்டது என்று சொல்லி அவனை 'ஸ்பானிஷ் ஒன்று' என்ற முதல் வருட வகுப்பில் தள்ளிவிட்டார்கள். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் வேற்றுமொழி படித்ததில்லை. தாத்தா காலத்து நார்வே மொழியில் சாப்பாட்டு ஜெபம் மட்டும் தெரியும், அதற்கும் அர்த்தம் தெரியாது.

ஸ்பானிஷ் ஒன்றில் வகுப்பறை பிதுங்கும். இரண்டிலும் அப்படித்தான். கல்லூரிக்கு இரண்டு போதும் என்பதால் மூன்றாவதில் பெரும்பாலோர் கம்பி நீட்டிவிடுவார்கள். நான்காவது வரை தாக்குப்பிடிப்பவர்கள் இரண்டு ரகம்: அந்த மொழியை உண்மையாகவே நேசிப்பவர்கள், வெளியே போக வழி தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள். ஆரின் எந்த ரகம் என்று சொல்லத் தேவையில்லை.

நாலு வகுப்புக்கும் ஒரே ஆசிரியை, செஞோரா எக்பிளாட்; ஸ்பானிஷில் செஞோரா என்றால் திருமதி. ஆள் நல்ல உயரம், பால் போல வெளுப்பு, தோள்பட்டை வரை தொங்கும் காதணி. ஸ்வீடன் வம்சத்தில் பிறந்து, கோடை விடுமுறை தோறும் மெக்சிகோவுக்குப் போய் வந்து, செஞோரா ஆனவர். ஆரின் ஒன்பதாவது சேர்ந்த வருடம்தான் அவரும் புதிதாக வந்தார். ஒரு மணி நேரம் கார் ஓட்டி வேறு ஊரிலிருந்து வருவார், மணி அடித்ததும் போய்விடுவார். அதனால் எங்கள் ஊரில் யாருக்கு எத்தனை கால் என்று அவருக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்துக்குள் அவர் ஒரு வார்த்தை இங்கிலீஷ் பேசி யாரும் கேட்டதில்லை. தீயணைப்பு ஒத்திகை மணி அடித்தால்கூட ஸ்பானிஷில்தான் கத்திப் பிள்ளைகளை வெளியேற்றுவார். முதல்வர் அவரைக் கண்டால் தலையை ஆட்டிவிட்டு வேகமாக நடப்பார்.

அவருடைய வாய்மொழித் தேர்வுதான் எல்லா வினைக்கும் ஆரம்பம். மேசைமேல் ஒரு காபி டின். உள்ளே படம் வரைந்த சீட்டுகள். ஒவ்வொருவராகப் போய் மூன்று சீட்டை எடுக்க வேண்டும், அந்தப் படங்களை வைத்து உன் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வாக்கியத்துக்கு வாக்கியம் மதிப்பெண். மற்ற பிள்ளைகள் மீன் படம் வந்தால் அப்பா மீன் சாப்பிடுவார் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார்கள். ஆரினுக்கு முதல் தேர்வில் வந்தவை கால், நாற்காலி, ஜன்னல்.

அவன் முழித்தான். நெற்றி வேர்த்தது. பிறகு மெதுவாக, "அப்பாவுக்கு ஒரு கால். அப்பா நாற்காலியில் இருக்கிறார். அப்பா ஜன்னலைப் பார்க்கிறார்" என்றான். அது செப்டம்பர் மாதம். காற்றில் களைப்பூவின் மகரந்தம் பறக்கும் சமயம், வருடா வருடம் அப்போது அவனுக்குக் கண்ணிலும் மூக்கிலும் குழாய் திறந்த மாதிரி ஊற்றும். செஞோரா பேனாவைக் கீழே வைத்தார். ஒற்றைக்கால் அப்பா ஜன்னலைப் பார்க்கிறார், பிள்ளை கண்ணீர் விடுகிறான். டிஷ்யூ பெட்டியை அவன் பக்கம் தள்ளிவிட்டு முழு மதிப்பெண் போட்டார்.

பக்கத்து இருக்கையில் யெசேனியா பாரியென்டோஸ். அவள் அப்பா இறைச்சி ஆலையில் வேலை பார்க்கிறார், அவர்கள் வீட்டில் ஸ்பானிஷ்தான் பேச்சு. ஆனாலும் ஏதாவது ஒரு மொழி படித்தே ஆக வேண்டும் என்று அவளையும் ஸ்பானிஷ் ஒன்றில் உட்கார வைத்திருந்தார்கள். அவள் தூங்குவதற்காகவே வகுப்புக்கு வந்துகொண்டிருந்தாள். ஆரின் பேசியதைக் கேட்டதும் தூக்கம் போய்விட்டது.

"உங்கப்பாவுக்கு ரெண்டு காலும் இருக்கேடா? போன வாரம்கூட மைதானத்துல நின்னு கத்திட்டிருந்தாரே."

"இருக்கு."

"அப்புறம் ஏன் ஒரு கால்னு சொன்னே?"

"இன்னொன்னப் பத்திச் சொல்ல வார்த்தை வரல."

"நாளைக்கே போய் சரி பண்ணிடு."

"எப்படிப் பண்றது? அதுக்கும் வார்த்தை வேணுமே."

வார்த்தை வரவேயில்லை. மே மாதத் தேர்வில் மழை, படுக்கை, ஆஸ்பத்திரி என்று மூன்று சீட்டு வந்தன. அப்பாவை மறுபடி தொட அவனுக்குப் பயம். அதனால் என்னைப் பிடித்துப் போட்டான். நான் மழையில் நனைந்தேன், படுக்கையில் விழுந்தேன், ஆஸ்பத்திரிக்குப் போனேன். மே மாதத்தில் புல் மகரந்தம், மறுபடியும் கண்ணீர். உண்மையில் நான் அப்போது ஒரு பெரிய ஊரில் பல் டாக்டரிடம் உதவியாளராக இருந்தேன், யார் யார் பல்லையோ சுத்தம் செய்துகொண்டு ஆரோக்கியமாக இருந்தேன். சனிக்கிழமை மட்டும் வீட்டுக்கு வருவேன்.

ஸ்பானிஷ் இரண்டு. முதல் தேர்விலேயே பூ, தேவாலயம், கருப்பு உடை. நான் செத்துப்போனேன்.

பிற்பாடு நான் கேட்டேன், "ஏன்டா, பூவும் தேவாலயமும் வந்தா கல்யாணம்னு சொல்ல வேண்டியதுதானே?" என்று. "கருப்பு உடைய என்ன பண்றது?" என்று என்னையே திருப்பிக் கேட்டான்.

அடுத்த நாள் எங்கள் வீட்டு வாசலில் ஒரு ஹாட்டிஷ் இருந்தது. எங்கள் பக்கத்தில் சாவு விழுந்தால் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பது அதுதான். இறைச்சி, காளான் சூப், மேலே உருளைக்கிழங்கு உருண்டை, எல்லாம் ஒரே கண்ணாடித் தட்டில் வெந்தது. தட்டைத் திருப்பிக் கொடுக்க வசதியாக அடியில் டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருப்பார்கள். இதில் பெயர் இல்லை. யார் வைத்தது என்று காட்டிக்கொள்ள வேண்டாம் என்று செஞோராவுக்கு அவ்வளவு நாசூக்கு.

"யாரு செத்தது?" என்று அம்மா கேட்டார்.

"யாரும் சாகலையே" என்றார் அப்பா, வாய் நிறைய.

"சாகாம எப்படி ஹாட்டிஷ் வரும்? வெர்ன், மொதல்ல ஸ்பூன கீழ வைங்க. இது வேற யாரோ வீட்டுச் சாவு, நம்ம வீட்டுக்கு வழி தவறி வந்திருக்கு."

அப்பா ஸ்பூனைக் கீழே வைக்கவில்லை. அம்மா மாதக்கணக்கில் அந்தத் தட்டைத் தேவாலயத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் ஒவ்வொருத்தியாகக் கேட்டார். ஆரின் பக்கத்தில் நின்று தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தானாம்.

நவம்பர் வந்தது. இறந்தவர்களுக்கான மெக்சிகோப் பண்டிகைக்கு செஞோரா வகுப்பின் மூலையில் ஒரு பீடம் வைப்பார். காகிதச் சாமந்தி, பேட்டரியில் எரியும் மெழுகுவத்தி, பிள்ளைகள் வீட்டில் போய்ச் சேர்ந்த தாத்தா, பாட்டி, நாய், பூனை பெயரெல்லாம் அட்டையில் இருக்கும். அந்த வருடம் செஞோரா தன் கையாலேயே என் பெயரை, 'மார்னி' என்று அழகாக எழுதி நடுவில் வைத்தார். இறந்தவருக்குப் பிடித்ததைப் படைக்க வேண்டுமாம். அக்காவுக்கு என்ன பிடிக்கும் என்று ஆரினைக் கேட்டார். அவனுக்குச் சட்டென்று ஞாபகம் வந்த காய்கறி உருளைக்கிழங்கு. அதிலிருந்து மூன்று நவம்பர், என் பெயருக்குப் பக்கத்தில் ஒரு உருளைக்கிழங்கு உட்கார்ந்திருந்தது. எனக்கு எத்தனையோ பிடிக்கும். பீச் பழம் பிடிக்கும், புகை போட்ட மீன் பிடிக்கும், நல்ல காபி என்றால் உயிர். என் ஆத்மா சாந்தியடைய ஒரு உருளைக்கிழங்கு!

இதுவரை நடந்ததற்குச் சீட்டைக் குறை சொல்லலாம். அம்மா விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. பெற்றோர் சந்திப்பு நாள் நெருங்கியதும் ஆரின் கணக்குப் போட்டான். அம்மா போய் உட்கார்ந்து, 'என் பொண்ணு மார்னி இருக்காளே' என்று ஆரம்பித்தால் தீர்ந்தது கதை. யெசேனியாவிடம் போய் வார்த்தை கேட்டான்.

"அம்மாவுக்கு ஞாபகம் போயிடுச்சுன்னு எப்படிச் சொல்றது?"

"டேய், உங்க வீட்ல இன்னும் யார்டா முழுசா மிச்சம்?"

"அம்மா மட்டும்தான்."

அவள் சொல்லிக் கொடுத்தாள். அதற்காக என்னிடம் இன்றுவரை திட்டு வாங்குகிறாள். ஆரின் செஞோராவிடம் போய், தன் அம்மாவுக்கு ஞாபகசக்தி இல்லை, மகள் இறந்ததே தெரியாது, தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள் என்று ஸ்பானிஷில் ஒப்பித்தான். ஒரு சொல் பிசகவில்லை என்று செஞோராவுக்கு அந்தத் துக்கத்திலும் சந்தோஷமாம்.

அம்மா சந்திப்புக்குப் போய் வந்து சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அன்று சனிக்கிழமை, நான் வீட்டில் இருந்தேன்.

"நல்ல பொம்பளதான். ஆனா பாவம், ஏதோ கொறை இருக்கு."

"என்னம்மா கொறை?"

"என் கைய விடவே மாட்டேங்கறா. ஸ்பானிஷ்லயே பேசறா, அதுவும் ஒவ்வொரு வார்த்தையா, மெதுவா. தன் நெஞ்சத் தொட்டுத் தொட்டுத் தன் பேரச் சொல்றா. அவளுக்கே மறந்துடுமோ என்னமோ. நானும் ஆமா ஆமான்னேன். போகும்போது கார் எங்க நிக்குதுன்னு கூடவே வந்து காட்டுனா."

"ஆரினப் பத்தி?"

"ஏ கிரேடு போட்டிருந்தா. இவனுக்கு ஏ போடறவளுக்குத் தலையில ஏதோ ஆகித்தானே இருக்கணும்."

ஸ்பானிஷ் மூன்று வந்தபோது ஆரின் தப்பித்து ஓடியிருக்கலாம். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அந்த வருடம் வெல்டிங்கிலும் இடம் இருந்தது. ஆனால் அவன் போகவில்லை, காரணம் எனக்குத் தெரியும். கால்பந்து அணியில் அவன் பெஞ்சைத் தேய்ப்பவன். மற்ற ஆசிரியர்கள் அவனை அவனுடைய சித்தப்பா மகன் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். செஞோரா ஒருவர்தான் அவன் உள்ளே வந்தால் முகம் மலர்ந்து எழுந்து நிற்பார். இவ்வளவு துன்பத்தையும் தாங்கிக்கொண்டு தினம் பள்ளிக்கு வருகிறானே, என்ன பிள்ளை இவன் என்று மற்றப் பிள்ளைகளிடம் ஸ்பானிஷில் சொல்வாராம், அவர்கள் புரியாமலே தலையாட்டுவார்களாம். அந்தக் கட்டடத்தில் அவனை ஒரு ஆளாக மதித்தது அவர் மட்டும்தான். முதல் இரண்டு வருடம் உண்மையைச் சொல்ல அவனிடம் வார்த்தை இல்லை. மூன்றாவது வருடம் வார்த்தை வந்தது, தைரியம் போய்விட்டது. சொன்னால் அந்த முகம் எப்படி மாறும் என்று நினைத்தாலே அவனுக்குச் சோறு இறங்காது.

நான்காவதில் மொத்தமே நாலு பேர். ஆரின் தண்ணீர் மாதிரி பேசினான். ஒரு காலோடு அப்பா எப்படித் துணிவாக வாழ்கிறார் என்று பத்து நிமிடம் பேசுவான். கடைசி வகுப்பில் செஞோரா அவனைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க வீட்டு விருந்துக்கு அழைப்பு வந்துச்சு. கண்டிப்பா வரேன். உங்கம்மாவக் கட்டிப்பிடிச்சு நாலு வார்த்த சொல்லணும்" என்றார்.

பள்ளி முடிக்கும் பிள்ளை வீட்டில் எல்லாம் ஜூன் மாதம் திறந்த வீட்டு விருந்து வைப்பார்கள். கார் கொட்டகையைக் கழுவி, மேசை போட்டு, பன்றியிறைச்சி வைத்த பன், புதினா மிட்டாய், பையன் படம் அச்சடித்த கேக். பிறந்ததிலிருந்து எடுத்த போட்டோக்களைப் பெரிய பலகையில் ஒட்டி வைப்பார்கள். ஊரே வரும், எல்லா ஆசிரியர்களுக்கும் அம்மாவே அழைப்பு அனுப்பிவிட்டிருந்தார். அன்று காலை நான் பன்னுக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது ஆரின் வெளுத்த முகத்தோடு வந்து நின்றான்.

"மார்னி, நீ இன்னைக்கு வேற யாராவதா இருக்க முடியுமா?"

எல்லாவற்றையும் கொட்டினான். அம்மாவும் அப்பாவும் வந்து சேர்ந்துகொண்டார்கள். 

"எந்தக் காலுடா?" என்றார் அப்பா.

"அது சொல்லல."

"நாலு வருஷமா எனக்கு ஒரு கால் இல்ல, எந்தக் கால்னுகூட நீ முடிவு பண்ணலையா?"

"எனக்கு ஞாபகம் இல்லையாமே!" என்று அம்மா இடையில் புகுந்தார். "டேய், நீ மூணு வயசுல அடுத்த வீட்டுப் பொரி மிட்டாயத் திருடித் தின்னது வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கு. அதான் அந்தத் தட்டு! வீடு வீடாத் தூக்கிட்டு அலைஞ்சேனேடா!"

நான் கத்தியைக் கீழே வைத்தேன். "நான் எப்படிடா செத்தேன்?"

"மழையில."

"மழையிலன்னா?"

"நனைஞ்சே. அப்புறம் படுத்தே."

"சளி பிடிச்சா செத்தேன்?"

அவன் தலையைக் குனிந்தான். ஒரு விபத்து, ஒரு வெள்ளம், கண்ணியமாக ஒரு சாவு கொடுத்திருக்கலாம். சளி! என் சொந்த வீட்டில் நான் பிணமாக இருக்க மாட்டேன் என்று கத்தினேன். ஆரின் சண்டை போடவில்லை. "அவங்க என்னைப் பத்தி என்ன நினைப்பாங்கன்னு மட்டும்தான். இன்னைக்கு ஒரு நாள். அப்புறம் அவங்களப் பாக்கவே மாட்டேன்" என்றான். குரல் உடைந்துபோயிருந்தது, இந்தத் தடவை மகரந்தத்தால் இல்லை. எனக்கு அவன்மேல் இரக்கம் வந்தது, வந்ததற்காக எனக்கு என்மேலேயே கோபம் வந்தது.

மதியத்துக்குள் ஏற்பாடு முடிந்தது. அப்பா கேக் மேசைக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து, வலது காலை மடக்கி, மேலே போர்வை. ஜூன் வெயிலில் கம்பளிப் போர்வை. கேட்பவர்களிடமெல்லாம் குளிருகிறது என்றார். அம்மா சும்மா சிரித்துக்கொண்டிருக்க வேண்டும். போட்டோ பலகையைச் சுவர் பக்கம் திருப்பி வைத்தோம், வருகிறவர்கள் வெற்று அட்டையைப் பார்த்து, "அருமை" என்று சொல்லிவிட்டுப் போனார்கள், எங்கள் ஊர் மரியாதை அப்படி. செஞோரா கேட்டால் நான் டுலூத் என்ற ஊரிலிருந்து வந்த பெரியப்பா மகள்.

செஞோரா வந்தார். கையில் ஹாட்டிஷ். விருந்துக்கு யாரும் ஹாட்டிஷ் கொண்டுவருவதில்லை, அவர் இன்னும் துக்கத்துக்கே சமைத்துக்கொண்டிருந்தார். நேராக அப்பாவிடம் போய்க் குனிந்து அவர் கையைப் பிடித்தார். ஸ்பானிஷில் ஏதோ சொன்னார். அப்பா எனக்கென்ன தெரியும் என்பது போல ஆரினைப் பார்த்தார். யெசேனியா ஒரு பன்னை வாயில் அடைத்துக்கொண்டு சுவர் பக்கம் திரும்பி நின்று குலுங்கினாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அதற்குள் விருந்தாளி வீட்டுச் சின்னப் பிள்ளைகள் எங்கள் வீட்டுப் பன்றிகளைப் பார்க்கப் போய்ப் பட்டிக் கதவைத் திறந்துவிட்டன. ஏழெட்டு பெருத்த பன்றிகள் முற்றத்தைத் தாண்டி வந்து கேக்கை நோக்கிக் கிளம்பின.

அப்பா பிறவியிலேயே பன்றிக்காரர். போர்வை ஒரு பக்கம் பறந்தது, நாற்காலி ஒரு பக்கம் பறந்தது, இரண்டு காலிலும் எழுந்து மேசையையே தாண்டிக் குதித்தார். "மார்னி! ரோட்டுப் பக்கம் மறி! மார்னி, விடாதே!" என்று கத்திக்கொண்டே ஓடினார். நான் மிட்டாய்த் தட்டைத் தூக்கிக்கொண்டு ரோட்டை மறித்தேன். அம்மா கேக் மேசைமேல் ஏறி நின்று, "ஹரால்ட், வேலிப் பக்கம்! லவோன், உங்க முட்டி வலிக்கும், நகருங்க! டென்னிஸ், போன தடவை இடுப்ப ஒடிச்சுக்கிட்டது மறந்துடுச்சா?" என்று வந்தவர் அத்தனை பேரையும் பெயர் சொல்லி, நோய் சொல்லி ஏவினார்.

பன்றிகள் உள்ளே போயின. கேக்கில் ஆரினின் நெற்றி மட்டும் போயிருந்தது. செஞோரா அதே இடத்தில் ஹாட்டிஷோடு நின்றார். அப்பாவின் இரண்டு காலையும் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மார்னி?" என்றார்.

"ஆமாங்க" என்றேன். வேறு என்ன சொல்ல?

ஆரின் வந்து அவர் முன் நின்றான். ஸ்பானிஷில் என்னவோ சொன்னான், நீளமாகச் சொல்லவில்லை. யெசேனியா சிரிப்பதை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். "யாரும் சாகல, எல்லாம் நான் சொன்ன பொய், சீட்டு மேல குத்தம் இல்ல, என் குத்தம்னு சொல்றான்" என்று என் காதில் சொன்னாள்.

செஞோரா ஹாட்டிஷை மேசையில் வைத்துவிட்டு என்னிடம் நடந்து வந்தார். அடிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். என்னை இறுக்கிக் கட்டிப்பிடித்தார். காதணி என் கன்னத்தில் குத்தியது. "உயிரோட இருக்கே, உயிரோட இருக்கே" என்று இங்கிலீஷில் சொல்லிச் சொல்லித் தேம்பினார். மூன்று வருடமாக அந்த மனுஷி நிஜமாகவே எனக்காகத் துக்கம் கொண்டாடியிருக்கிறார். நான் பன்றிச் சேறும் மிட்டாயுமாக நின்று அழுதேன். நான் உயிரோடு இருப்பதற்காக, வேறு எந்தக் காரணமும் இல்லாமல், அவ்வளவு சந்தோஷப்பட்டவர்கள் அதற்கு முன் யாரும் இல்லை.

என்னை விட்டுவிட்டு ஆரினிடம் திரும்பினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு புன்னகை செய்தார். "விருந்து ரொம்ப நல்லா இருக்கு, ஆரின். வெயிலும் பரவாயில்ல. மேல படிக்க வாழ்த்துக்கள்" என்றார், சுத்தமான மின்னசோட்டா இங்கிலீஷில்.

கேட்பதற்கு மரியாதையான பேச்சு. பெட்ரோல் பங்கில் முன்பின் தெரியாதவனிடம் நாங்கள் பேசுவது அதுதான். நாலு வருடத்தில் அவர் அவனிடம் பேசிய முதல் இங்கிலீஷ். என் தம்பியின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. அவர் கார் சாவியை எடுத்தார்.

"செஞோரா" என்று ஸ்பானிஷில் கெஞ்சினான். யெசேனியா சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. "திட்டுங்க. ஃபெயில் போடுங்க. இங்கிலீஷ்ல மட்டும் பேசாதீங்க."

செஞோரா நின்றார்.  பிறகு கேக் மேசைக்குப் பின்னால் போய், அப்பாவின் நாற்காலியை நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்து, கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஸ்பானிஷில் ஒரு அதட்டல்.

"முதல் வகுப்பு, முதல் தேர்வு, குடும்பத்தைப் பத்திச் சொல்லுங்கறாங்க" என்றாள் யெசேனியா. "இருக்கற குடும்பத்த."

 ஆரின் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். தண்ணீர் மாதிரி பேசுகிறவன், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை போல ஒவ்வொரு வாக்கியமாகத் தடுமாறினான். யெசேனியா எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிக்கொண்டே வந்தாள்.

"எங்கப்பாவுக்கு ரெண்டு கால். ரெண்டும் வலிக்குது, ஆனா சொல்ல மாட்டார். எங்கம்மாவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும், நான் செஞ்சதெல்லாம் முக்கியமா. எனக்கு ஒரு அக்கா. அவளுக்குக் கோவம் ஜாஸ்தி. சனிக்கிழமை வருவா. அவ கார் சத்தம் கேட்டா நான் கீழ இறங்கி வருவேன், தண்ணி குடிக்க வந்த மாதிரி."

அங்கே நிறுத்தினான். செஞோரா பேனாவை ஆட்டி, மேலே சொல்லு என்றார்.

"நவம்பர்ல அவ பேர அந்தப் பூவுக்கு நடுவுல பாக்கும்போது எனக்குப் பயமா இருக்கும். நான் சொன்னது நிஜமாயிடுமோன்னு. அன்னைக்கு சாயங்காலம் அவளுக்கு போன் பண்ணுவேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த போன்களை நான் சுத்தமாக மறந்துபோயிருந்தேன். வேலை முடிந்து வந்து காலை நீட்டும் நேரத்தில் மணி அடிக்கும். "என்ன பண்றே?" என்பான். "ஒண்ணும் இல்ல" என்பேன். "சாப்பிட்டியா?" என்பான். மூச்சு விடுவது கேட்கும், அவ்வளவுதான். வேலைவெட்டி இல்லையா உனக்கு என்று திட்டிவிட்டு நான் வைத்துவிடுவேன்.

செஞோரா ஒரு காகிதத் தட்டில் கிரேடு எழுதி அவன் கையில் கொடுத்தார். சி. அவன் ஸ்பானிஷில் வாங்கியதிலேயே குறைந்த மதிப்பெண். வாக்கியம் சின்னது, வார்த்தை போதாது, ரொம்ப நேரம் முழித்தான் என்று ஸ்பானிஷில் அடுக்கினார், விரலை நீட்டி நீட்டி. ஆரின் அந்தத் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பல் முழுக்கத் தெரியச் சிரித்தான்.

"ரெண்டாவது கால் வந்ததுக்கு மார்க்கக் கொறைச்சுட்டாங்களா?" என்று அப்பா யெசேனியாவைக் கேட்டார்.

என் சாவுக்குச் சமைத்த ஹாட்டிஷை நானே இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன், உப்பு மட்டும் கொஞ்சம் கம்மி. செஞோரா பொழுது சாயும் வரை இருந்தார். ஆரினுக்கு இந்தப் பழக்கம் மட்டும் இன்றுவரை போகவில்லை, நவம்பர் பிறந்தால் லாரியை ஓரமாக நிறுத்திவிட்டு போன் பண்ணுகிறான். நான் இப்போது திட்டுவதில்லை. மணி அடித்ததும் எடுத்து, "உயிரோடதான்டா இருக்கேன்" என்று சொல்கிறேன். "சரி" என்கிறான்.